அரசுச் சேவைகளில் சேவை வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகங்களில் பணிபுரிவோரும், அவற்றின் சேவைகள் மேம்பட வேண்டும் என்று உழைக்கும் தன்னார்வலர்களும் சேவை வடிவமைப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. அந்தப் பொருள் அவ்வளவு இடத்தைக் கேட்கிறது.

சேவை வடிவமைப்பு என்பது என்ன? இணையதள வடிவமைப்புக்கு இன்னொரு பெயரா?

இல்லை. ஒருவருக்கு ஒரு தேவை எழும் நேரத்திலிருந்து அது நிறைவேறும் நேரம் வரை அவர் கடக்க வேண்டிய வழி முழுவதையும், அவர் கண்ணில் படாமல் அலுவலகத்துக்குள் நடக்கும் வேலைகளையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதைத் திட்டமிட்டுச் சீர்செய்வதே சேவை வடிவமைப்பு. இணையதளம் அந்த வழியில் ஒரு நிறுத்தம் மட்டுமே. கவுன்டர், படிவம், கடிதம், குறுஞ்செய்தி, விசாரணைக்கு வீட்டுக்கு வரும் அலுவலர், வங்கிக் கணக்கில் வந்து சேரும் பணம் ஆகியவையும் நிறுத்தங்களே.

கணவரை இழந்த ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது மாதந்தோறும் கைக்கு வரும் உதவித்தொகை. அதற்கு முன் இறப்புச் சான்றிதழ், அதைக் காட்டி வாரிசுரிமைச் சான்று, தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, அதன் பிறகு விண்ணப்பம், விசாரணை, ஆணை என்று பல படிகளை அவர் கடக்க வேண்டியிருக்கும். நிர்வாகத்தின் பார்வையில் இவை பல துறைகளின் தனித்தனிச் சேவைகள்; ஒவ்வொன்றும் குறித்த காலத்துக்குள் முடிந்துவிட்டதாகவே பதிவேடுகள் காட்டும். அந்தப் பெண்ணின் பார்வையில் அது ஒரே சேவை, அது அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நாம் அலைச்சல் என்கிறோம். அந்த அலைச்சல் எந்தப் படியில், யாருடைய முடிவால், எதற்காக உண்டாயிற்று என்று கண்டறிந்து நீக்குவதே இந்தப் பணியின் உயிர்நாடி என்பது என் கருத்து.

இந்தத் துறை எப்படி உருவானது?

அமெரிக்க வங்கித் துறையில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக், ஒரு பொருளைத் தயாரிப்பதற்கு வரைபடம் இருப்பதுபோல ஒரு சேவைக்கும் வரைபடம் இருக்க வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்தில் எழுதினார். 1984-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் எடுத்துக்காட்டாக வந்தது தெருமுனையில் காலணிக்கு மெருகிடும் வேலை. அவ்வளவு எளிய வேலையிலும் வாடிக்கையாளர் பார்ப்பது எது, பார்க்காதது எது, எந்த இடத்தில் தவறு நேரலாம் (தவறான நிறத்தில் மெழுகைப் பூசிவிடுவது போல), நேர்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்பவற்றைக் கோடு போட்டுக் காட்ட முடியும் என்று அவர் நிறுவினார். ஜெர்மனியின் கொலோன் நகரில் மிகாயேல் எர்ல்ஹோஃப் 1990-களின் தொடக்கத்தில் இதை ஒரு வடிவமைப்புப் பாடமாகவே கற்பிக்கத் தொடங்கினார். அரசுக்குள் இது நுழைந்த வழிகளில் முக்கியமானவை இரண்டு: டென்மார்க்கின் அமைச்சகங்களுக்குள் 2002-இல் தொடங்கிய மைண்ட்லேப் என்ற பிரிவு, பிரிட்டனில் 2011-இல் உருவான அரசு டிஜிட்டல் சேவை அமைப்பு.

தனியார் நிறுவனங்களுக்காக உருவான முறை அரசுக்குப் பொருந்துமா?

கருவிகள் பொருந்தும், நோக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் யார் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர், பார்வையற்றவர், நிலையான முகவரி இல்லாதவர், அந்த ஊரின் மொழி அறியாதவர் ஆகியோரை அது விட்டுவிட்டாலும் அதன் கணக்கில் பெரிய மாற்றம் தெரியாது. அரசுக்கு அந்த உரிமை கிடையாது. யாருக்குச் சேவை பெறுவது மிகக் கடினமோ, பெரும்பாலும் அவருக்கே அந்தச் சேவை மிகவும் தேவையாக இருக்கிறது. அதுமட்டுமன்று, அரசின் சேவையில் மனம் நொந்தவர் வேறு அரசிடம் போய்விட முடியாது. ஆகவே, வாடிக்கையாளர் விலகிவிட்டார் என்ற எச்சரிக்கை மணி அரசு அலுவலகத்தில் ஒருபோதும் ஒலிப்பதில்லை. மனு குறைந்துவிட்டது என்பதை வேலை சுலபமாயிற்று என்று எடுத்துக்கொள்ளும் அலுவலகங்களும் உண்டு. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர் எத்தனை பேர் என்ற கேள்வியை அரசுதான் தானாக முன்வந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அரசின் சில சேவைகள் மக்கள் விரும்பிப் பெறுபவை அல்ல. வரி, அபராதம், உரிமம் புதுப்பித்தல் போன்றவை கடமைகள். அங்கே மகிழ்ச்சியை அளப்பதில் பொருளில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது புரிந்ததா, நியாயமாக நடத்தப்பட்டோம் என்று எண்ண முடிந்ததா, மறுத்துக் கேட்க வழி இருந்ததா என்பவையே அளவுகோல்கள்.

எங்களிடம் குறைதீர் கூட்டமும் கருத்துப் பெட்டியும் இருக்கின்றன. மக்களின் தேவையை அறிய அவை போதாவா?

அவை தேவை, ஆனால் போதா. குறை சொல்ல வருபவர், நேரமும் துணிவும் வழி தெரிந்த அறிவும் உடையவர். முதல் முறை திருப்பி அனுப்பப்பட்டதும் நம்பிக்கை இழந்து வீட்டோடு இருந்துவிட்டவரின் குரல் எந்தப் பெட்டியிலும் விழாது. மேலும், மக்களிடம் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “விரைவாக முடித்துக் கொடுங்கள்” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் மாற்றியமைக்க முடியாது.

இதற்கு உதவுவது அருகிலிருந்து பார்ப்பது. ஒரு விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு, அவர் வீட்டிலிருந்து கிளம்புவது முதல் உடன் செல்லுங்கள். அலுவலக வாசலில் யாரிடம் முதலில் வழி கேட்கிறார், எந்தப் பலகையை வாசிக்காமல் கடந்து போகிறார், படிவத்தின் எந்தக் கட்டத்தில் பேனா தயங்கி நிற்கிறது, யாருக்குப் பணம் கொடுத்து நிரப்பச் சொல்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருபவர்களிடம் பேசுங்கள். படிவம் எங்கெல்லாம் மனிதரைத் தடுக்கிறது என்பதை அவர்களை விட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் அந்தத் தடைதான் அவர்களுடைய பிழைப்பு.

எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்பார்கள். ஒரே மாதிரியான பயனர்கள் என்றால் ஐந்தாறு பேரைக் கவனித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும். ஆனால் அரசின் பயனர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். முதியவர், மாற்றுத்திறனாளி, புலம்பெயர்ந்த தொழிலாளி, பிறருக்காக விண்ணப்பிக்கும் உறவினர் என ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. கடந்த மாதம் உங்கள் அலுவலகம் நிராகரித்த அல்லது திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று ஒரு வரியில் எழுதுங்கள். ஐம்பதில் பெரும்பகுதி மூன்று நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிடுவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். ஒரே தவறை நூறு பேர் செய்கிறார்கள் என்றால், தவறு அந்த நூறு பேரிடம் இல்லை. படிவத்திலோ அறிவிப்பிலோ விதியிலோ இருக்கிறது.

சேவை வரைபடத்தை எப்படி வரைவது?

நீளமான ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, கிடைமட்டமாக நான்கு வரிசைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் விண்ணப்பதாரர் செய்பவற்றை, அவர் செய்யும் வரிசையிலேயே, இடமிருந்து வலமாக எழுதுங்கள். அதன் கீழ் அவர் நேரில் சந்திக்கும் ஊழியரும் இணையதளமும் செய்பவை. மூன்றாவதில் அவர் காணாத வேலைகள்: கோப்பு யார் மேசைக்குப் போகிறது, யார் ஒப்பமிடுகிறார், எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது. நான்காவதில் அந்த வேலைகளுக்கு அடித்தளமான மென்பொருள், விதி, அரசாணை, நிதி ஒதுக்கீடு. இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் இடையே போடும் கோடு, மக்களின் கண்ணுக்குத் தெரியும் எல்லை. சேவை எதனால் தடுமாறுகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடைக்கும்.

ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலங்களைத் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒன்று, அந்த வேலையை உண்மையில் செய்ய ஆகும் நேரம். மற்றொன்று, அந்த வேலை தொடங்குவதற்காகக் கோப்பு காத்திருக்கும் நேரம். முதல் முறை இவ்வாறு குறிப்பவர்கள் வியப்படைவது இங்கேதான். முப்பது நாட்கள் எடுக்கும் ஒரு சேவையில், கை வைத்துச் செய்யும் வேலை ஒரு மணி நேரத்தைக் கூட எட்டாமல் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் கோப்பு யாருக்காகவோ காத்திருக்கிறது. அப்படியானால் தட்டச்சு செய்யும் வேகத்தைக் கூட்டும் மென்பொருளை வாங்குவதால் பயன் விளையாது. கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் எதைச் சரிபார்க்கிறார், முந்தைய மேசையில் சரிபார்த்ததையே மறுபடி பார்க்கிறாரா என்று கேட்க வேண்டும்.

வரைபடத்தை ஒரு வடிவமைப்பாளர் தம் அறையில் தனியாக உட்கார்ந்து வரையக்கூடாது. எழுத்தர், கள அலுவலர், கண்காணிப்பாளர், மென்பொருளைப் பராமரிப்பவர் ஆகியோர் ஒரே சுவரின் முன் நின்று வரைய வேண்டும். அவர்களில் பலர் தம் மேசைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் முதன்முறையாக முழுமையாகக் காண்பார்கள். அந்தச் சந்திப்பு, வரைந்து முடித்த தாளை விட மதிப்பு மிக்கது.

ஒரு படிவத்தை மாற்றுவதால் பெரிய பயன் இருக்குமா?

இருக்கும்; படிவம் என்பது ஒரு துறையின் மனப்போக்கு முழுவதும் பதிந்த தாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உணவு உதவி, மருத்துவ உதவி முதலியவற்றுக்கு ஒரே கூட்டு விண்ணப்பம் இருந்தது. நாற்பது பக்கங்களுக்கு மேல், ஆயிரத்துக்கும் அதிகமான கேள்விகள். குழந்தை கருவில் உருவான தேதியைக் கேட்கும் கேள்வியும் அதில் ஒன்று. டெட்ராய்ட் நகரின் சிவில்லா என்ற லாப நோக்கற்ற அமைப்பு, விண்ணப்பதாரர்களோடும் துறை ஊழியர்களோடும் நெடுங்காலம் பேசி, ஒவ்வொரு கேள்விக்கும் உரிய சட்ட விதி எது என்று தேடிப் பார்த்து, அலுவலகங்களில் சோதித்து, 2018-இல் மாநிலம் முழுவதும் புதிய படிவம் வரத் துணை நின்றது. புதிய படிவம் பழையதை விட 80 விழுக்காடு சிறியது. இங்கே கவனிக்க வேண்டியது பக்க எண்ணிக்கை குறைந்தது மட்டுமன்று. ஒரு காலத்தில் ஏதோ ஒரு தேவைக்காகச் சேர்ந்த கேள்விகள், அந்தத் தேவை மறைந்த பிறகும் யாரும் நீக்கத் துணியாததால் அங்கேயே தங்கியிருந்தன. சேர்ப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்; நீக்குவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

உங்கள் படிவத்தை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று விடைகளை எழுதுங்கள்: இந்தத் தகவலை யார் படிக்கிறார், இதைக் கொண்டு எந்த முடிவை எடுக்கிறார், எந்த விதி இதைக் கேட்கச் சொல்கிறது. மூன்றுக்கும் விடை இல்லாத கேள்வியை நீக்கிவிடலாம். “இருக்கட்டும், எப்போதாவது உதவும்” என்பது விடை ஆகாது. அதன் பிறகு, எஞ்சிய கேள்விகளின் மொழியைப் பாருங்கள். “மேற்படி நபரின் இருப்பிட விவரம்” என்று இருப்பதை “நீங்கள் இப்போது எங்கே வசிக்கிறீர்கள்?” என்று மாற்றினால், விடையின் தரமும் மாறுவதைக் காண்பீர்கள்.

ஒரே ஆவணத்தை ஒவ்வொரு அலுவலகமும் ஏன் மறுபடியும் கேட்கிறது? இதைத் தவிர்க்க முடியுமா?

ஓர் அலுவலகம் வழங்கிய சான்றை வாங்கி இன்னோர் அலுவலகத்தில் கொடுப்பவர், அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் ஊதியமில்லாத் தூதராக வேலை செய்கிறார். தகவல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நகர்த்தும் பணிதான் மக்கள் தலையில் ஏறுகிறது. எஸ்தோனியாவில் 2001-இல் எக்ஸ்-ரோடு என்னும் தரவுப் பரிமாற்ற அமைப்பு தொடங்கியது. ஒவ்வொரு துறையும் தன் தரவுத்தளத்தைத் தானே வைத்துக்கொண்டு, தேவைப்படும் போது மட்டும் மற்றத் துறையிடம் பாதுகாப்பாகக் கேட்டுப் பெறுகிறது. ஒரு தகவலைக் குடிமகனிடம் ஒரு முறைதான் கேட்க வேண்டும் என்ற கொள்கை இதனால்தான் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் அங்கே குடும்ப உதவித்தொகைக்கான விண்ணப்பமே தேவையற்றதாயிற்று: பிறப்புப் பதிவானதும் அரசு தானாகவே பெற்றோருக்குத் தகவல் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்டால் தொகையை வழங்குகிறது.

தொழில்நுட்பத்தை விட எளிய தீர்வுகளும் உண்டு. பிரிட்டனில் வாகன வரி செலுத்தியதற்கு அடையாளமாகக் கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்த வட்டத்தாள், 1921 முதல் இருந்து வந்தது. வரி செலுத்திய விவரம் மின்னணுப் பதிவில் இருப்பதாலும், காவல்துறையினர் வண்டி எண்ணைக் கொண்டே சரிபார்ப்பதாலும், அந்தத் தாள் 2014 அக்டோபர் 1 அன்று கைவிடப்பட்டது. அதை அழகாக அச்சிடுவதையோ வீட்டுக்கே விரைவாக அனுப்புவதையோ பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கலாம். தாள் எதற்கு என்று கேட்டதே நல்ல வடிவமைப்பு.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். துறைகள் தகவலைப் பகிர்வது, எந்தத் தகவலை யார் எதற்காகப் பார்த்தார் என்ற பதிவு இல்லாமல் நடந்தால், அது வசதி என்ற பெயரில் கண்காணிப்பாக மாறிவிடும். தம் தகவலை யார் பார்த்தார் என்று குடிமக்களே பார்க்க வழி செய்வது பின்னால் சேர்க்கக்கூடிய அம்சம் அன்று. முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டியது.

எல்லாவற்றையும் ஆன்லைனுக்குக் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

குழப்பமான நடைமுறையைக் கணினியில் ஏற்றினால், குழப்பம் கணினிக்குள் போய்ச் சேர்கிறது. இனி அதைத் திருத்த மென்பொருள் ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டியிருக்கும். முன்பு கவுன்டரில் இருந்த ஊழியர் தம் பொது அறிவால் சமாளித்த விதிவிலக்குகளை, கட்டாயக் கட்டம் ஏற்றுக்கொள்ளாது. தந்தை பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது என்றால், தந்தை யாரென்று அறியாத ஒரு பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும்.

பெரிய அளவில் சோதிக்காமல் ஒரே நாளில் திறப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளம் பலரும் அறிந்த சான்று. மருத்துவக் காப்பீட்டுக்கான அந்தத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். பல ஒப்பந்ததாரர்கள் தனித்தனியே கட்டிய பகுதிகள் ஒன்றாக இயங்குகின்றனவா என்று ஒரு பயனரின் இடத்திலிருந்து முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை.

ஆன்லைன் வழி தேவைதான். அதனோடு கவுன்டரும் தொலைபேசியும் உதவியாளரும் நிலைத்திருக்க வேண்டும். கைபேசி வீட்டில் இன்னொருவரிடம் இருக்கும். ஓடிபி அவருக்குத்தான் போகும். கைரேகை தேய்ந்த தொழிலாளியின் விரலை இயந்திரம் அறியாது. இவற்றை அரிய விதிவிலக்குகள் என்று ஒதுக்குவது தவறு. இவை முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டிய பயனர் நிலைகள்.

தகுதியைக் கணினியே தீர்மானித்தால் பாரபட்சம் ஒழியுமே?

சில இடங்களில் ஒழியும். சில இடங்களில் ஒரே அநீதி லட்சக்கணக்கானோருக்குச் சீராகப் போய்ச் சேரும். ஆஸ்திரேலியாவில் 2016 முதல் விரிவாக நடந்த ரோபோடெட் என்ற திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கூறுகளாகச் சராசரி செய்து, அவர் பெற்ற உதவித்தொகை கூடுதலானது என்று கணக்கிட்டுக் கடன் நோட்டீஸ் அனுப்பியது. பருவ வேலை பார்ப்பவரின் வருமானம் ஆண்டு முழுவதும் சமமாக இராது என்பது யாருக்கும் தெரிந்ததே. கடன் இல்லை என்று நிறுவும் சுமையோ நோட்டீஸ் பெற்றவர் மேல் விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஊதியச் சீட்டுகளை அவர்கள் தேடி அலைந்தார்கள். அந்தத் திட்டம் நியாயமானதும் அன்று, சட்டப்படியானதும் அன்று என்று அரசு நியமித்த ராயல் கமிஷன் 2023-இல் அறிக்கை தந்தது.

இதிலிருந்து வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. பாதகமான முடிவைக் கணினி மட்டும் எடுக்கக்கூடாது. முடிவின் காரணம் சாதாரண மொழியில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மறுத்துப் பேச ஒரு மனிதர் கிடைக்க வேண்டும். அவருக்கு முடிவை மாற்றும் அதிகாரமும் இருக்க வேண்டும்.

விதிகளே அப்படி இருக்கும்போது வடிவமைப்பாளர் என்ன செய்ய முடியும்?

“விதி அப்படி” என்று சொல்லப்படுபவற்றில் பல, சட்டத்திலும் இல்லை, விதியிலும் இல்லை, பழக்கமாக நிலைத்துவிட்டவை. எந்தப் பிரிவு, எந்த அரசாணை என்று பணிவோடு கேட்டுத் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள். சட்டம் “வசிப்பிடத்துக்குச் சான்று” என்று மட்டும் சொல்லியிருக்கும். குறிப்பிட்ட ஒரே ஆவணம்தான் சான்று என்பது பிற்காலச் சுற்றறிக்கையாக இருக்கும். அசலோடு மூன்று நகல்கள் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கமாக இருக்கும். வழக்கத்தை அலுவலகத் தலைவரே மாற்றலாம், சுற்றறிக்கையைத் துறைத் தலைவர் மாற்றலாம், சட்டத்துக்குத்தான் சட்டமன்றம் வேண்டும். எந்தத் தடை எந்த மட்டத்தில் தீரும் என்று பிரித்துக் காட்டுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

ஊழியர்கள் இதை எதிர்ப்பார்களே?

அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தொடங்கினால் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதும்கூட. முறையற்ற நடைமுறையின் வெப்பத்தை நாள்தோறும் முதலில் தாங்குபவர் கவுன்டரில் இருப்பவர். வரிசையில் நிற்பவரின் கோபம் அவர் மேல்தான் விழுகிறது. விதியை அவர் எழுதவில்லை. கூடுதல் ஆவணம் கேட்கும் எழுத்தர் பல நேரங்களில் கெட்ட எண்ணத்தால் கேட்பதில்லை. நாளை தணிக்கையில் கேள்வி வந்தால் தம்மைக் காத்துக்கொள்ளக் கேட்கிறார். தவறாக வழங்கிய ஒரு சான்றுக்குத் தண்டனை உண்டு. தகுதியுள்ளவருக்கு மறுத்த நூறு சான்றுகளுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இந்தச் சமனின்மையைச் சரிசெய்யாமல் கனிவுப் பயிற்சி மட்டும் அளிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே எண்ணுகிறேன்.

வெற்றியை எப்படி அளப்பது?

வங்கதேச அரசின் ஏ2ஐ திட்டம் மூன்று அளவுகளை வைத்துக்கொண்டது: ஒரு சேவையைப் பெறக் குடிமக்களுக்கு ஆகும் காலம், செலவு, வருகைகளின் எண்ணிக்கை. எளிமையும் நேர்மையும் சேர்ந்த அளவுகோல் இது. அலுவலகத்தின் செலவை அளக்காமல், மக்களின் செலவை அளக்கிறது. பேருந்துக் கட்டணமும் இழந்த நாள் கூலியும் இதில் வந்துவிடும். இதனோடு இன்னொன்றையும் எண்ணுங்கள்: இன்று அலுவலகத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் புதிதாக ஒன்று பெற வந்தவர்கள், எத்தனை பேர் முன்பே முடிந்திருக்க வேண்டியது முடியாததால் வந்தவர்கள்? இரண்டாம் வகையினரின் வருகை, சேவையின் குறையால் உண்டான வேலை. அதைக் குறைத்தால் ஊழியர்களின் சுமையும் சேர்ந்தே குறையும்.

காலவரம்பை மட்டும் நம்பக்கூடாது. குறித்த நாட்களுக்குள் சேவை பெறுவதைச் சட்ட உரிமையாக்கும் முறையை இந்தியாவில் மத்தியப் பிரதேசம் 2010-இல் முதலில் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் பின்பற்றின. நல்ல முயற்சி. ஆனால் நாட்களை மட்டும் எண்ணும் அலுவலகத்தில், கெடு முடிவதற்கு முந்தைய நாள் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினாலும் கணக்கு சரியாகிவிடும். எனவே திருப்பி அனுப்பியவை, நிராகரித்தவை, பாதியில் கைவிடப்பட்டவை ஆகியவற்றையும் அதே கணக்கில் காட்ட வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் சோதனையாக நடத்தும் முன்னோட்டம் நன்றாக நடக்கிறது; பிறகு மற்ற அலுவலகங்களுக்கு ஏன் பரவுவதில்லை?

முன்னோட்டத்துக்குத் தேர்ந்த அதிகாரி, கூடுதல் ஆட்கள், மேலிடத்தின் கவனம் எல்லாம் கிடைக்கின்றன. சாதாரண அலுவலகத்தில் இவை இல்லை. ஆகவே முன்னோட்டத்தை மிகச் சாதாரணமான, முடிந்தால் சற்றுப் பின்தங்கிய அலுவலகத்தில் நடத்துங்கள். நிரந்தர வரவுசெலவில் யார் பெயரில் இது தொடரும் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். பல நாடுகள் முன்மாதிரியாகக் கொண்ட டென்மார்க்கின் மைண்ட்லேப் கூட 2018-இல் மூடப்பட்டது. புகழ் ஒரு பிரிவின் ஆயுளுக்கு உறுதி தராது.

வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா?

உதவிக்கு அழைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்கக்கூடாது. ஒப்பந்தப்புள்ளியில் மென்பொருள் திரைகளின் எண்ணிக்கையைக் குறிப்பதை விட, மக்களோடு சோதித்துத் திருத்தும் சுற்றுகளைக் குறிப்பது நல்லது. சேவைக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி முழு நேரமும் அந்தக் குழுவோடு உட்கார வேண்டும்.

எங்களுடையது சிறிய அலுவலகம். தனி நிதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

அதிக மக்கள் வரும் ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் திரும்பிய ஐம்பது விண்ணப்பங்களைப் படியுங்கள். இரண்டாம் வாரத்தில் ஐந்தாறு பேரோடு உடன் செல்லுங்கள். மூன்றாம் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து சுவரில் வரைபடத்தை வரையுங்கள். அதிலிருந்து உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே மாற்றக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் தேவையற்ற ஒரு நகலாகவோ, புரியாத ஓர் அறிவிப்பாகவோ, “நாளை வாருங்கள்” என்பதற்குப் பதில் அனுப்பக்கூடிய ஒரு குறுஞ்செய்தியாகவோ இருக்கும். மாற்றிய பின் ஒரு மாதம் கழித்து மறுபடி ஐம்பது விண்ணப்பங்களை எண்ணுங்கள். திரும்பியவை குறைந்திருந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, அடுத்த மாற்றத்துக்கு அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு அனுப்புங்கள். குறையவில்லை என்றால், காரணத்தை மறுபடி அந்த விண்ணப்பங்களிலேயே தேடுங்கள்.